கணவரின் தம்பிக்கு எதிரான முறைப்பாடு என் கோப்பில்: நான் என்ன செய்வது?

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன். என் கணவரின் தம்பி அடித்ததாக அவருடைய மனைவி எங்கள் அலுவலகத்துக்கே வந்து முறையிட்டார். அவரைப் பாதுகாப்பு இல்லத்தில் சேர்த்தது நான்தான். இப்போது மாமி, "அவள் எங்க இரிக்காள் எண்டு சொல்லு மகள், குடும்பத்துக்குள்ள பேசித் தீர்ப்பம்" என்கிறா. கணவர் இரவில் என் போனை எடுத்துப் பார்க்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: இருப்பிடத்தைச் சொல்லாதீர்கள். மாமிக்கும் வேண்டாம், கணவருக்கும் வேண்டாம். பேசித் தீர்ப்பதா இல்லையா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. அவருக்காக நீங்கள் தலையாட்ட முடியாது.

அடுத்து, கோப்பை உடனே கைமாற்றுங்கள். எதிராளி உங்கள் கணவரின் தம்பி என்பதையும், வேறு உத்தியோகத்தரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் பொறுப்பாளருக்குக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்களே தொடர்ந்து கையாண்டால், "குடும்பப் பகையில் சொல்லிக்கொடுத்த வழக்கு" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கிளப்புவார். அடிபட்டவரின் வழக்குத்தான் பழுதாகும்.

2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பில் பொலிஸாரும் கோரலாம். 12 மாதம் வரை அது செல்லும். அவர் தங்கியிருக்கும் இல்லத்துக்குள் எதிராளி நுழைவதையும் தடுக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது: அவருக்கு உதவும் உறவினர், சமூக சேவையாளர் போன்றோர் மீது வன்முறை செய்வதையும் அதே கட்டளையில் தடைசெய்யலாம். நீங்கள் இரண்டுமே. விண்ணப்பத்தில் இதையும் சேர்க்கும்படி அவருடைய சட்டத்தரணியிடம் சொல்லச் சொல்லுங்கள். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரை சிறையோ, 10,000 ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

உங்களுக்கு அழைப்பாணை வந்தால் போய்ச் சாட்சி சொல்லியே ஆக வேண்டும். சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் சொல்வதைக் காக்கும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு சமூக சேவையாளருக்குப் பொருந்தாது. ஆகவே கோப்பை ஒப்படைக்கும் முன் உங்கள் குறிப்புகளைப் பாருங்கள்: கண்டதும், அவர் சொன்னதும் பிரித்துத் தெரிய வேண்டும். எதையும் அழிக்கவோ திருத்தவோ வேண்டாம். தெளிவுபடுத்த வேண்டியதைத் திகதியிட்டுத் தனியாக எழுதுங்கள். நீதிமன்றம் கூப்பிட்டால் மறுக்க முடியாது என்பதை மாமியிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். அன்றைக்குத் துரோகம் என்று நினைக்கமாட்டா.

அலுவலக வேலைக்குத் தனிப் போன் கேளுங்கள். கோப்பு வீட்டுக்கு வரக்கூடாது.

கோப்பை மாற்றக் கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீதியும் நியாயமுமான நிவாரணம் வழங்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

அந்தப் பெண்ணுக்குச் சட்டத்தரணி வைக்க வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூட்டிப்போவது நீங்களாக இருக்க வேண்டாம்.