ஓடும் லாரியில் சக்கரம் ஏன் கழன்று போகிறது?

பெங்களூரு-ஓசூர் ரோட்டில் வண்டி ஓட்டும் நம்மாட்கள் அடிக்கடி கேட்பது இது: "நல்லா முறுக்கித்தானே பூட்டினோம், எப்படிக் கழன்றது?"

வீல் நட்டின் வேலை சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் மாட்டும் அச்சு முனை) அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் வைக்கிறது. இடையில் துரு, மண், புது பெயின்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி மெலியும், பிடி தளரும். சக்கரம் நூலளவு ஆடினாலும் போதும், நட்டு தானே சுழலும், ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) உடையும். வீட்டில் படுக்கும் புதுக் கட்டிலும் இப்படித்தான். பத்து நாள் படுத்ததும் கிறீச்சிடும். அதன் போல்ட்டை ஒரு சுற்று முறுக்கினால் அடங்கிவிடும்.

அதனால் மாட்டும்முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரு நட்டு, அடுத்து அதற்கு எதிரே இருக்கும் நட்டு என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். அப்புறம் 50 முதல் 100 கி.மீ.க்குள் டார்க் ரென்ச்சால் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) மறுபடி பார்க்க வேண்டும். பெங்களூரு கலாசிபாளையத்தில் டயர் மாற்றினால், ஓசூர் தாண்டி டீக்கு நிறுத்தும்போதே வேலை முடிந்துவிடும். நட்டைச் சுற்றித் துருநீர் வழிந்த கோடு தெரிந்தால் அது தளர்ந்திருக்கலாம். ஒரு ஹப் மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங்கையும் பாருங்கள். அது போனாலும் சக்கரம் கழலும்.

ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்தால் கழலவே கழலாது என்பார்கள். தவறு, அப்படி முறுக்கினால் ஸ்டட் நீண்டு, பிடியை இழந்துவிடும்.