முகஸ்துதிக்குப் பயந்து பள்ளிவாசலுக்குப் போகாமல் இருக்கலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். நான் மேலப்பாளையத்துக்காரன். திருநெல்வேலி டவுனில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். போன ரமலானில் எங்கள் பள்ளியில் ஒரு நாள் நோன்புக் கஞ்சிச் செலவை ஏற்றுக்கொண்டேன். பலகையில் என் பெயரை எழுதிப் போட்டிருந்தார்கள், மைக்கிலும் வாசித்தார்கள். கேட்டதும் மனசு குளிர்ந்துபோனது. ராத்திரி படுத்த பிறகுதான் பயம் பிடித்தது. அதற்கப்புறம் கவனித்தால், முன் சஃப்பில் (தொழுகை வரிசையில்) தெரிந்தவர்கள் பக்கத்தில் நிற்கும்போது ருகூஉவையும் (குனிவதையும்) சஜ்தாவையும் (நெற்றியைத் தரையில் வைப்பதையும்) நீட்டுகிறேன். இது முகஸ்துதிதானே, ஆட்கள் பார்ப்பதற்காக வணங்குவதுதானே என்று சில மாதங்களாகப் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டுக் கடையிலேயே தனியாகத் தொழுகிறேன். மனிதனைப் படைத்ததே வணங்கத்தான் என்கிறான் அல்லாஹ். நானோ காலையிலிருந்து இரவு வரை துணி கிழித்துக் கொடுக்கிறேன். மிச்சமிருக்கிற கொஞ்ச வணக்கமும் இப்படிக் கெட்டுப்போனால் நான் எதற்காக வாழ்கிறேன்? பள்ளிக்குப் போகாமல் இருப்பது சரிதானா? கொடுத்த கஞ்சிச் செலவை மறுபடியும் கொடுக்க வேண்டுமா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் தனியாகத் தொழுவதை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்த பாங்குக்குப் பள்ளியில் இருங்கள்.

உங்கள் பயத்தைச் சாதாரணமாக நினைத்து இப்படிச் சொல்லவில்லை. அது பயப்பட வேண்டிய விஷயம்தான். மறுமையில் முதன்முதலாகத் தீர்ப்புச் சொல்லப்படும் மூவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் (நபிமொழி) முஸ்லிம் என்ற தொகுப்பில் இருக்கிறது. போரில் உயிரை விட்டவர் ஒருவர், கல்வி கற்று, பிறருக்கும் கற்றுக்கொடுத்து, குர்ஆன் ஓதியவர் ஒருவர், அள்ளி அள்ளிக் கொடுத்த செல்வந்தர் ஒருவர். மூவரும் ‘உனக்காகத்தான் செய்தேன்’ என்பார்கள். ‘இல்லை, வீரன் என்று, ஆலிம் என்று, வள்ளல் என்று மக்கள் சொல்வதற்காகச் செய்தாய், அதுதான் சொல்லப்பட்டுவிட்டதே’ என்று பதில் வரும். மூவருக்கும் நரகம். இதை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொல்லத் தொடங்கும் முன்பே மயங்கி விழுந்தார்கள், தெளிந்து எழுந்து மறுபடியும் மயங்கினார்கள் என்று திர்மிதி தொகுப்பில் வருகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூவரில் ஒருவர் கல்வி கற்றுக்கொடுத்தவர். அபூஹுரைரா அவர்கள் செய்ததும் அதே வேலைதான். மயங்கி விழும் அளவுக்குப் பயந்தவர், ‘எனக்கு எதற்கு வம்பு’ என்று வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டாரா? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவிப்புகள் அவர் வழியாக நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அவருடைய பயம் நிய்யத்தை, அதாவது உள்நோக்கத்தைத்தான் திருத்தியது, வேலையை நிறுத்திவிடவில்லை. உங்கள் பயம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள்.

ஹிஜ்ரி 187-இல் மறைந்த ஃபுளைல் இப்னு இயாழ் (ரஹ்) அவர்கள், மனிதர்களுக்காக ஒரு அமலை (நற்செயலை) விடுவதும் முகஸ்துதியே என்றார்கள். மனிதர்களுக்காக ஒன்றைச் செய்வது இணைவைப்பு என்றும், இவ்விரண்டிலிருந்தும் அல்லாஹ் காப்பாற்றுவதே இக்லாஸ் (தூய எண்ணம்) என்றும் சொன்னார்கள். முன் சஃப்பில் நின்றபோது உங்கள் கணக்கில் பக்கத்து ஆள் இருந்தார். இப்போது ஜவுளிக்கடையின் பின்னறையில் தனியாக நிற்கும்போதும் அதே ஆள்தான் உங்களை நிறுத்தி வைத்திருக்கிறார். அவருக்குப் பயந்துதானே ஜமாஅத்தை (கூட்டுத் தொழுகையை) விட்டீர்கள்? தனித் தொழுகையைவிட இருபத்தேழு மடங்கு சிறந்தது என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற நன்மை அது. ஷைத்தானுக்கு இதைவிட மலிவான வியாபாரம் கிடைக்குமா?

இனி உங்களுக்கு நடந்ததைப் பிரித்துப் பார்ப்போம். எல்லாவற்றையும் முகஸ்துதி என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள்.

ஆரம்பத்திலேயே ஆட்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட அமல் பாழ். அதில் பேச்சுக்கே இடமில்லை. அல்லாஹ்வுக்காகத் தொடங்கி, நடுவில் ‘பார்க்கிறார்களே’ என்ற எண்ணம் வந்து, அதைத் தள்ளிவிட்டால் அமலுக்குச் சேதமில்லை. அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்து அதோடு போனால்தான் ஆபத்து. மூன்றாவது நிலை, அமல் முடிந்த பிறகு நாம் தேடாமலே வரும் பாராட்டு. ‘ஒருவர் நல்லது செய்கிறார், அதற்காக மக்கள் அவரைப் புகழ்கிறார்கள், இது என்ன?’ என்று நபியவர்களிடம் கேட்கப்பட்டபோது, ‘அது முஃமினுக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி’ என்றார்கள். அபூதர் (ரலி) அறிவித்து முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது.

உங்கள் கஞ்சி விஷயம் இந்த மூன்றாவதுக்குள்தான் வருகிறது. பெயரை எழுதச் சொன்னீர்களா? பெயர் வரும் என்பதற்காகக் கொடுத்தீர்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பெயரைக் கேட்டதும் மனசு குளிர்ந்தது மனித சுபாவம். ராத்திரி அது உறுத்தியது பார்த்தீர்களா, அது ஈமான்.

ருகூஉ நீட்டுகிற விஷயம் வேறு. அது இரண்டாவது நிலை, அங்கே கை வைத்துத் திருத்த வேண்டும். ருகூஉவில் வீட்டில் எத்தனை தஸ்பீஹ் (இறைத்துதி) சொல்வீர்கள்? மூன்று என்றால் பள்ளி நிர்வாகியான முத்தவல்லி பக்கத்தில் நின்றாலும் மூன்றுதான். இன்னும் நல்ல வழி, வீட்டில் சொல்வதை ஐந்தாக்கிவிடுவது. ஒருவரும் பார்க்காத தொழுகையை அழகாக்கினால் பார்க்கிற தொழுகையில் நடிக்கத் தேவையிருக்காது.

மார்க்கமே இதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. ‘கடமையான தொழுகை தவிர, மற்றவற்றில் சிறந்தது ஒருவர் தம் வீட்டில் தொழுவது’ என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ். ஃபர்ளு (கடமையானது) ஊரோடு சேர்ந்து, சுன்னத்தும் நஃபிலும் (கூடுதல் தொழுகைகள்) வீட்டுக்குள்ளே. ஒரு பாதி வெளிச்சத்தில், ஒரு பாதி மறைவில். நீங்கள் ஃபர்ளை மறைத்துவிட்டீர்கள். அதைப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள். மக்ரிபுக்குப் பிந்திய சுன்னத்தை, வசதிப்பட்டால், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாத ஒரு ஸதக்காவும் (தர்மமும்) ஒரு துஆவும் (பிரார்த்தனையும்) உங்கள் நாளில் இருக்கட்டும்.

அப்புறம், எதற்காக வாழ்கிறேன் என்று கேட்டீர்களே. நீங்கள் சொன்ன வசனம் 51:56. அதற்கு அடுத்த வசனத்தையும் சேர்த்து ஓத வேண்டும்: அவர்களிடமிருந்து எந்த உணவையும் நான் நாடவில்லை, அவர்கள் எனக்கு உணவளிக்க வேண்டும் என்றும் நாடவில்லை என்கிறான் அல்லாஹ். நம்முடைய தொழுகையால் அவனுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. தேவை நமக்குத்தான். 6:162-இல் ‘என் தொழுகையும் என் வழிபாடுகளும் என் வாழ்வும் என் மரணமும் அகிலங்களின் இறைவனான அல்லாஹ்வுக்கே’ என்று சொல்லும்படி நபிக்குக் கட்டளை வருகிறது. தொழுகையும் வழிபாடும் தனியாகச் சொல்லப்பட்ட பிறகும் வாழ்வு என்று ஒன்று அங்கே இருக்கிறது. உங்கள் கடை அந்த வாழ்வுக்குள் வராமல் எங்கே போகும்?

ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிடுங்கள் என்று சொன்ன அதே சூரா, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்கிறது (62:9, 10). பிழைப்பு தேடிப் போவதற்கு இங்கே கட்டளைச் சொல்லே வந்துவிட்டது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயில் கிடந்தபோது, அல்லாஹ்வின் திருப்தியை நாடி நீர் செலவழிக்கும் எதற்கும் கூலி உண்டு, உம் மனைவியின் வாயில் வைக்கும் கவளம் உட்பட என்றார்கள் நபியவர்கள். ஷட்டரைத் தூக்கும்போது ‘பிள்ளைகளுக்கு ஹலாலான சோறு, யாரிடமும் கை நீட்டாத வாழ்வு, அதற்காக’ என்று மனசில் ஒரு நிய்யத் வைத்தால் போதும். காலையிலிருந்து இரவு வரைக்கும் அது வரும்.

ஆனால் அந்த நிய்யத் உண்மையா என்பது கல்லாவுக்கு முன்னால்தான் தெரியும். ஆலங்குளத்துப் பக்கமிருந்து ஒரு சம்சாரி வருகிறார். சாரம் (லுங்கி) ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு ‘சாயம் போவாதுல்லா?’ என்று கேட்கிறார். போகும் என்று உங்களுக்குத் தெரியும். அடுக்கின் நடுவில் ஒன்றில் இழை அறுந்திருப்பதும் தெரியும். அவர் மேல் மடிப்பை மட்டும் தடவிப் பார்க்கிறார். பள்ளியில் உங்களைப் பார்க்கிற ஒருவரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை. மதீனாக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டார்கள், விரல்களில் ஈரம் பட்டது. ‘மழையில் நனைந்துவிட்டது’ என்றார் வியாபாரி. ‘மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுபவன் என்னைச் சேர்ந்தவன் அல்லன்’ என்றார்கள். அறுந்த சாரத்தை மேலே எடுத்துப் போட்டு, ‘இதுல இழை போயிருக்கு, விலையைக் குறைச்சுக்கிடுங்க’ என்று நீங்கள் சொன்னால், நூறு பேர் பார்க்க நீட்டிய சஜ்தாவைவிட அந்த வார்த்தையில் இக்லாஸ் அதிகம் இருக்கும் என்பது என் நம்பிக்கை. முழக்கோலைப் பிடிக்கும் விரலும் அப்படித்தான். அளவில் குறைப்பவர்களுக்கு என்று தனி சூராவே இருக்கிறது, 83-வது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘உழைப்பே வணக்கம்’ என்று சொல்லிக்கொண்டு அஸர் தொழுகையை விடுகிறவர்களும் நம் கடைத்தெருவில் உண்டு. தீபாவளி நெருக்கத்தில் கூட்டம் அலைமோதும், எனக்கும் தெரியும். வியாபாரமும் விற்பனையும் அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் திருப்பிவிடாத மனிதர்கள் என்று குர்ஆன் சிலரைப் புகழ்கிறது (24:37). அவர்களும் வியாபாரிகள்தான். கடையில் ஒரு பையனை நிறுத்திவிட்டுப் போய் வாருங்கள். ஜமாஅத்துக்குப் பத்து நிமிடம் ஆகுமா?

பலகை விஷயத்துக்கு வருவோம். தர்மத்தை வெளிப்படையாகக் கொடுத்தால் அது நல்லது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் நல்லது என்கிறது 2:271. இரண்டுக்கும் அனுமதி இருக்கிறது. முளர் என்ற கோத்திரத்தார் கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு மதீனாவுக்கு வந்தபோது நபியவர்களின் முகம் மாறிப்போனது. தர்மம் செய்யச் சொன்னார்கள். மதீனாவாசியான அன்சாரி ஒருவர் கையில் அடங்காத ஒரு பையை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தூக்கிவந்து வைத்தார். அதைப் பார்த்து ஒவ்வொருவராக வர, உணவும் துணியுமாக இரண்டு குவியல் சேர்ந்தது. ‘நல்ல வழியை முதலில் தொடங்குபவருக்கு, அதைப் பின்பற்றுபவர்களின் கூலியும் உண்டு’ என்று அப்போதுதான் சொன்னார்கள். பலகையில் ஒரு பெயரைப் பார்த்து இன்னும் நாலு பேர் கஞ்சிக்குக் கொடுத்தால் அது நல்லதுதான். உங்கள் மனசு தாங்காது என்றால், வருகிற ரமலானில் பொருளாளரிடம் ‘பெயர் வேண்டாம், ஒரு சகோதரர் என்று போட்டுக்கொள்ளுங்கள்’ என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். ‘நான் பெயரே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்’ என்று நண்பர்களிடம் சொல்லாமல் இருப்பது அதைவிட முக்கியம். மறைத்ததைச் சொல்லிக் காட்டுவதும் ஒரு பலகைதான்.

இந்த எண்ணம் முழுசாகப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அபூபக்ர் (ரலி) அவர்களுக்கே நபியவர்கள் இதற்கு ஒரு துஆ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ‘யா அல்லாஹ், அறிந்துகொண்டே உனக்கு இணைவைப்பதிலிருந்து உன்னிடம் பாதுகாவல் தேடுகிறேன், அறியாமல் செய்வதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்’ என்பது அதன் பொருள். அரபியில் மனப்பாடம் ஆகும்வரை தமிழிலேயே கேளுங்கள், பள்ளிக்கு நடக்கும்போது கேளுங்கள்.

கஞ்சிச் செலவைத் திரும்பக் கொடுக்க வேண்டியதில்லை. அது நோன்பாளிகளின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, கூலியை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். ருகூஉவை நீட்டியதற்கு தவ்பா செய்தால் (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் திருந்தினால்) போதும். கடையில் தனியாகத் தொழுத தொழுகைகளும் நிறைவேறிவிட்டன, அவற்றைக் களாச் செய்ய (திரும்பத் தொழ) வேண்டாம்.