டீச்சரிடம் கேளுங்கள்

கலண்டரிலும் தேயிலைப் பெட்டியிலும் கொழுந்து பறிக்கும் பெண் சிரித்துக்கொண்டே இருக்கிறாளே, டீச்சர்! மலையில் யார் அப்படிச் சிரிக்கிறார்கள்?
– வாசகி, மஸ்கெலியா

சிரிக்காமல் என்ன! வேலையை மேற்பார்க்கும் கங்காணியைப் போல நடித்துக் காட்டி, அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நன்றாகவே சிரிப்பார்கள். கமராவுக்குச் சிரிப்பது வேறு.

என் அம்மாவை ஒருமுறை படம் எடுத்தார்கள். மழைக்காலம். வந்தவர் முதலில் மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணியைக் கழற்றச் சொன்னார், பிறகு உடை நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கை. "கலர் சேலை இல்லையா?" என்றார். பக்கத்து லயத்துச் சித்தியின் தீபாவளிச் சேலை வந்தது. கூடை கனத்தால் முகம் நிமிராது என்று பாதிக் கொழுந்தைக் கொட்டவும் சொன்னார். அவர் போகும்வரை பறிக்க முடியவில்லை. அன்று நிறுவையில் கிலோ குறைந்து அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. (தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) கலண்டர் வந்தபோது படத்தின் கீழே தேயிலையின் பெயர் மட்டும் இருந்தது.

இது பழைய வழக்கம். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பிரித்தானியப் புகைப்படக் கலைஞரின் கல்லறை இருக்கிறது. 48 வயதில் கமராவைக் கையில் எடுத்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் தன் வீட்டு வேலைக்காரியான மேரி ஹில்லியரை மாதாவாக நிறுத்திப் பல படங்கள் எடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் இன்றும் நமக்குத் தெரிகிறது. களுத்துறையில் 1878இல் எடுத்த படத்துக்கோ 'களுத்துறைக் குடியானவர்கள்' என்று தலைப்பு. அதில் நிற்பவர்கள் யார் யார் என்று அது சொல்லவில்லை. வேலைக்காரிக்கு மாதா வேடமாவது கிடைத்தது, நம் நாட்டவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாள் மேல் எனக்கு முழுக் கோபம் வருவதில்லை. அவர் படங்களில் பல்லைக் காட்டும் முகம் அரிது. நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டிய காலம், யார்தான் சிரிப்பார்கள்!

பாடசாலை விழாவில் பிள்ளைகளுக்குக் கொழுந்து நடனம் பழக்குகிறேன். வைக்கலாமா?
– ஆசிரியை, நோர்வூட்

தாராளமாக வையுங்கள். ஆனால் ஒத்திகைக்கு மலைக்குப் போகிற ஒரு அம்மாவைக் கூப்பிடுங்கள். பறிக்கும் மட்டத்தைப் பார்க்கச் செடிமேல் வைக்கும் மட்டக்கம்பை எப்படி வைப்பது, கூடைக் கயிற்றை உச்சந்தலையில் எங்கே போடுவது என்று அவர் காட்டட்டும். புத்தகப்பையைப் போலக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் ஆடினால், முன்வரிசை அம்மாமார் சிரித்துவிடுவார்கள்.