ஆற்றோரம் பார்த்த இந்தக் குட்டி வெள்ளைப் பூச்செடி என்ன? நாயுருவியா?

பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவில், கல்லாங் ஆற்றோரம் ஈரத்தில் நின்ற செடியைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அரிசிமணி அளவு வெள்ளைப் பூக்கள், மெல்லிய கதிர்கள். நாயுருவி என்று நினைப்பது இயல்புதான், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நாயுருவிக்கு இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். காய்கள் தண்டோடு ஒட்டிக் கீழ்நோக்கி மடங்கி, வேட்டி சேலையெல்லாம் பிடித்துக்கொள்ளும். உங்கள் படத்தில் இலைகள் மாறி மாறி வருகின்றன. இது ஆற்றலரி போலத்தான் இருக்கிறது. தாவரவியலில் பெர்சிகாரியா பார்பேட்டா. சிங்கப்பூரில் இயற்கையாகவே வளரும் காட்டுச்செடி.

உறுதி செய்ய, பூவை விட்டுவிட்டுக் கணுவைப் பாருங்கள். இலை கிளம்பும் இடத்தில், தண்டைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய உறை ஒன்று இருக்கும். சட்டைக் கைபோலத் தண்டை இறுகப் பிடித்திருக்கும். ஆற்றலரி, பக்வீட் என்ற தானியச்செடியின் குடும்பம். அந்தக் குடும்பத்துச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த உறைதான் அடையாளம். ஆற்றலரியில் அந்த உறையின் விளிம்பில் நீளமான முடிகள் வரிசையாக நிற்கும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரை, அதாவது கிட்டத்தட்ட உறையின் நீளத்துக்கே வளரும். பார்பேட்டா என்றால் தாடி உள்ளது என்று பொருள். 1753ல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர், எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இந்த உறையை எனக்குப் பழக்கியது, லக்சா நூடுல்ஸில் போடும் லக்சா இலை. தேக்கா மார்க்கெட்டில் ஒரு கட்டு வாங்கி வந்து இலையை ஆய்ந்துகொண்டிருந்தபோது, ஒவ்வொரு கணுவிலும் பழுப்பாக ஒரு சவ்வு விரலில் தட்டுப்பட்டது. லக்சா இலையும் பெர்சிகாரியா வகைதான். மீதித் தண்டைத் தண்ணீரில் போட்டால் கணுவிலிருந்தே வேர் விடும். நீங்களும் ஒரு கட்டு வாங்கிக் கணுவைத் தடவிப் பாருங்கள், அப்புறம் வெளியே எங்கே பார்த்தாலும் கண்ணில் படும்.

ஆற்றலரி என்ற பெயர் என் அம்மா சொன்னது. ஊரில் வாய்க்கால் கரையெல்லாம் இருக்குமாம். நீண்டு கூர்மையான இலை அரளி இலையைப் போல இருப்பதால் ஆற்று அலரி. எனக்கு லத்தீன் பெயரைவிட இதுதான் பிடிக்கும், இலையும் இடமும் இரண்டும் அதிலேயே இருக்கின்றன.

குழப்பக்கூடிய சொந்தக்காரச் செடி ஒன்று உண்டு, பெர்சிகாரியா சினென்சிஸ். அது கதிராகப் பூக்காது, பூக்கள் சின்ன உருண்டைகளாகக் கூடியிருக்கும். உறையின் விளிம்பில் முடி கிடையாது. காயைச் சுற்றிச் சதைப்பற்று வந்து, கருநீலப் பழம் மாதிரி ஆகிவிடும். ஆற்றலரியின் விதை அப்படியில்லை. கருப்பாக, பளபளவென்று, மூன்று பட்டையோடு இருக்கும். சோபா நூடுல்ஸுக்கு அரைக்கும் பக்வீட் விதைக்கும் மூன்று பட்டைதான்.

சரி, இன்னொரு தடவை போகும்போது செடியைப் பறிக்க வேண்டாம், பூங்காவில் அதற்கு அனுமதி கிடையாது. தண்டின் நடுப்பகுதியில் ஒரு கணுவை, உறையின் விளிம்பு தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். முடி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.