படகில் ஓடிடி: டோமிலிருந்து செயற்கைக்கோள் இணையத்துக்கு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் 11 மீட்டர் பாய்மரப் படகில் டோம் வகை செயற்கைக்கோள் டிவி ஆன்டெனா இருக்கிறது. இப்போது அது சிக்னலைப் பிடிப்பதே இல்லை. புது டோம் வாங்குவதா, ஸ்டார்லிங்க் மாதிரி செயற்கைக்கோள் இணையத்துக்கு மாறி ஓடிடியில் பார்ப்பதா?

மாறிவிடுங்கள். டோமுக்குள் இருப்பது ஒரு சின்ன டிஷ். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளை, படகு எப்படி ஆடினாலும் அது குறி தவறாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மோட்டார், பெல்ட், ஆட்டத்தை உணரும் கைரோ எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன; பழுதாவதும் அநேகமாக அவைதான். போதாக்குறைக்கு, அந்தச் செயற்கைக்கோள் ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்புக்குத்தான் ஒளிபரப்புகிறது. கரையை விட்டு விலக விலக, 37 செ.மீ. டிஷ் முதலில் படத்தை இழக்கும். 60 செ.மீ. இன்னும் கொஞ்ச தூரம் தாங்கும், அவ்வளவுதான்.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கி.மீ. அல்லது அதற்கும் குறைந்த உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. ஒன்று போனால் அடுத்ததை ஆன்டெனா மின்னணு முறையிலேயே பிடித்துக்கொள்ளும். இப்போது வரும் ஸ்டார்லிங்க் ஆன்டெனா வகைகளான ஸ்டாண்டர்ட், மினி இரண்டிலும் மோட்டாரே கிடையாது.

டோம் நல்ல நிலையில் இருந்து, ஒரே கரையோரத்தில் படகு ஓட்டி, நாள் முழுக்க நேரலைச் சேனல்கள் பார்ப்பவராக இருந்தால் மாறச் சொல்லமாட்டோம். ஒளிபரப்புக்கு டேட்டா செலவு கிடையாது. உங்களுடையது பழுதாகிவிட்டதால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: மினி போதுமா, ஸ்டாண்டர்ட் வேண்டுமா?

டிவிக்கு மினி தாராளம். எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். மினி சராசரியாக 25 முதல் 40 வாட் இழுக்கும். ஸ்டாண்டர்ட் 75 முதல் 100 வாட். பேட்டரியை நம்பி ஓடும் படகில் இந்த வித்தியாசம்தான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். பலர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் பெரிய படகு என்றால் ஸ்டாண்டர்டுக்குப் போகலாம்.

கேள்வி: மினியை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக இணைத்திருக்கிறேன். ஆன்டெனா 10 மீட்டர் தள்ளி இருக்கிறது, 1.5 சதுர மி.மீ. வயர். பகலில் ஒழுங்காக ஓடுகிறது. இரவில் டிவி போட்டால் அணைந்து அணைந்து எழுகிறது. பேட்டரியில் 12.3 வோல்ட் இருக்கிறதே?

பேட்டரி முனையில் 12.3 இருக்கிறது, ஆன்டெனா முனையில் இல்லை. எங்களுக்கு வரும் புகார்களில் அதிகம் இதுதான். ஆனால் பழி செயற்கைக்கோள் மேல் விழுகிறது!

மினிக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும். எழும்போதும் டேட்டா வேகமாக ஓடும்போதும் அது 60 வாட் வரை, அதாவது 5 ஆம்பியர், இழுக்கக்கூடும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 10 மீட்டர் தூரம் என்றால் போக வர 20 மீட்டர் வயர். 1.5 சதுர மி.மீ. தாமிரத்தில் 20 மீட்டரின் மின்தடை ஏறத்தாழ 0.23 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 1.15 வோல்ட் வழியிலேயே போய்விடும். மிஞ்சுவது 11.15. ஃப்யூஸ் பிடிப்பானிலும் இணைப்புகளிலும் இன்னும் கொஞ்சம் குறையும். பகலில் சோலார் சார்ஜர் 14 வோல்ட் பக்கம் வைத்திருப்பதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை.

வயரை மட்டும் தடிப்பாக்கினால் தீராது. 4 சதுர மி.மீ. போட்டாலும் 0.43 வோல்ட் இழப்பு, 12.3-லிருந்து 11.87-க்கு வந்து நிற்பீர்கள். சரியான தீர்வு, 12-ஐ 24 வோல்ட்டாக உயர்த்தும் கன்வெர்ட்டர். மினி 12 முதல் 48 வோல்ட் வரை ஏற்கும். 24 வோல்ட்டில் அதே 60 வாட்டுக்கு 2.5 ஆம்பியர் போதும். இருக்கிற வயரிலேயே இழப்பு 0.58 வோல்ட்தான். 24-இல் அது ஒரு பொருட்டே இல்லை.

கன்வெர்ட்டரைப் பேட்டரிப் பக்கம் வையுங்கள். ஆன்டெனா பக்கம் வைத்தால் நீண்ட வயரில் பழையபடி 5 ஆம்பியருக்கு மேல் ஓடும். கன்வெர்ட்டர் வாங்கியதே வீண். பேட்டரிக்கும் கன்வெர்ட்டருக்கும் இடையே 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி 10 ஆம்பியர் ஃப்யூஸ். வெளியே போகும் வயர் வெள்ளீயம் பூசிய தாமிரமாக இருக்கட்டும். சாதாரணத் தாமிரம் உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். மினியில் செருகுமுன் முனையில் பாசிட்டிவ், நெகட்டிவ் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

ஒரு நாளைய செலவையும் போட்டுவிடுவோம். மினி 30 வாட் வீதம் 5 மணி நேரம்: 150 வாட்-மணி. 24 அங்குல 12 வோல்ட் டிவி 30 வாட் வீதம் 4 மணி நேரம்: 120. டிவியில் செருகி ஓடிடி பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் 5 வாட் வீதம் அதே 4 மணி நேரம்: 20. மொத்தம் 290, அதாவது 12 வோல்ட்டில் சுமார் 24 ஆம்பியர்-மணி. மினியை 24 மணி நேரமும் விட்டுவிட்டால் அது ஒன்றே 60 ஆம்பியர்-மணி குடித்துவிடும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே ஒரு சுவிட்ச் போட்டு, பார்க்கும்போது மட்டும் உயிர் கொடுங்கள். ஸ்டார்லிங்க் ஆப்பில் உறங்கும் நேரம் குறிக்கவும் வசதி உண்டு.

கேள்வி: ஆன்டெனாவை எங்கே பொருத்துவது? பாய்மரம் மறைக்காதா?

மறைக்கும். ஆனால் எவ்வளவு என்பது தூரத்தைப் பொறுத்தது. மினி வானத்தை 110 பாகைக் கூம்பாகப் பார்க்கிறது. 15 செ.மீ. தடிமனுள்ள பாய்மரத்தின் அருகே 1 மீட்டரில் வைத்தால் அது 8 பாகைக்கு மேல் மறைக்கும். பின்முனையில் 6 மீட்டர் தள்ளி வைத்தால் ஒன்றரைப் பாகைகூட வராது. அந்தச் சின்ன மறைப்பில் இணைப்பு சில விநாடி போய் வரும். படம் முன்கூட்டியே சேமித்து ஓடுவதால் டிவியில் தெரியாது. வீடியோ அழைப்பில் தெரியும்.

துணிக் கூரையின் அடியில் வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். காய்ந்த துணி பெரிதாகத் தடுக்காது, நனைந்தால் தடுக்கும். சோலார் பலகையும் அலுமினியச் சட்டமும் எப்போதுமே தடுக்கும். ரேடாரின் கதிர் மேலும் கீழுமாகச் சுமார் 25 பாகை விரியும். ஆன்டெனா அதற்குக் கீழேயோ மேலேயோ இருக்கட்டும். முழுக்கத் தட்டையாக வைக்காமல் மழைநீர் வழிந்தோடும் அளவுக்குச் சற்றே சாய்த்து வையுங்கள். மேலே தேங்கும் நீர்ப்படலமே சிக்னலைக் குறைத்துவிடும். வயர் பிளக்கை நெருங்கும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

நங்கூரத்தில் படகு சுற்றிக்கொண்டே இருப்பதால் வானத்தை எது மறைக்கிறது என்று ஆப் காட்டும் தடை வரைபடம் குழம்பிக் கிடக்கும். அதை நம்பி ஆன்டெனாவை இடம் மாற்றாதீர்கள்.

கேள்வி: வெளியே ஃபோனில் 100 எம்பிபிஎஸ் வருகிறது. கேபினில் டிவி மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

இது வைஃபை கோளாறு. இரும்பு அல்லது அலுமினிய உடல் கொண்ட படகில் மேல்தளத்து வைஃபை கீழே இறங்காது. மினியில் ஈதர்நெட் துளை உண்டு. அதிலிருந்து கேபிள் இறக்கி, உள்ளே ஒரு சின்ன ரவுட்டர் வையுங்கள். மினியின் சொந்த வைஃபையை ஆப்பில் பைபாஸ் செய்து, அதாவது அணைத்து, விடலாம்.

ஸ்டிக்கைக் கவனியுங்கள். டிவியின் முதுகோடு ஒட்டிக் கிடந்தால் டிவியின் உலோகத் தகடே வைஃபையை மறைக்கும். கூட வரும் குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பைப் போட்டு வெளியே இழுத்துவிடுங்கள். அதற்கான மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகளில் அது 0.5 ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் நடுப்படத்தில் அணைந்து எழும். 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் தரும் தனி அடாப்டர் போடுங்கள்.

கேள்வி: மாதத்துக்கு எவ்வளவு டேட்டா ஆகும்? எந்தத் திட்டம்?

எச்டியில் மணிக்குச் சுமார் 3 ஜிபி, 4கே-யில் 7 ஜிபி. தினம் 3 மணி நேரம் எச்டி என்றால் 30 நாளில் 270 ஜிபி. 24 அங்குலத் திரைக்கு 4கே வீண். ஓடிடி கணக்கின் அமைப்பிலேயே தரத்தைக் குறைத்துவிடுங்கள். ஃபோன்களின் புகைப்பட பேக்கப்பையும் டிவியின் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்துங்கள். யாரும் எதுவும் பார்க்காத நாளிலும் டேட்டா கரைவது இவற்றால்தான்.

விலை குறைந்த பயணத் திட்டங்கள் உள்நாட்டு நீர்வழிக்கும் கரையோரக் கடலுக்கும்தான். ஆழ்கடலுக்குப் போனால் ஜிபி கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. அங்கே நேரலையை விட்டுவிட்டு, கரையில் இருக்கும்போதே படங்களை டேப்லெட்டில் இறக்கிக்கொள்வது நல்லது. அனுமதி தராத நாட்டின் கடல் எல்லைக்குள் இந்தக் கருவியை இயக்கக்கூடாது; கிளம்புமுன் வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டையும் பாருங்கள். நாடு மாறினால் ஓடிடியில் படப் பட்டியலும் மாறும்.

கேள்வி: இணையம் வந்துவிட்டது. படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவை எடுத்துவிடலாமா?

கூடாது. 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகெங்கும் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றுபோனது. அவர்களின் மைய மென்பொருளில் கோளாறு. டிவி நின்றால் பரவாயில்லை. ஆபத்துக்கு அவசர அழைப்புக்கான விஎச்எஃப் 16-ஆம் சேனலும், மீட்புக் குழுவுக்கு இருப்பிடத்தைச் சொல்லும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனும், தனி மின் இணைப்போடு எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.