கணினி காட்டும் ஐபி முகவரியும் இணையதளம் காட்டும் ஐபி முகவரியும் ஏன் வேறுபடுகின்றன?

கணினியின் அமைப்புகளில் 192.168.1.5 என்று தெரிகிறது, ஐபி முகவரியைக் காட்டும் இணையதளமோ வேறோர் எண்ணைச் சொல்கிறது, நண்பர் வீட்டுக் கணினியிலும் அதே 192.168.1.5 இருக்கிறது, இவற்றில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் கீழே இருக்கும் 255.255.255.0 எதற்கு என்பதையும் இறுதியில் சேர்த்திருக்கிறீர்கள். நீங்கள் கண்ட ஐபி முகவரிகள் எல்லாமே உண்மையானவைதாம். ஆயினும் நீங்கள் இறுதியில் கேட்டதிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். ஏனெனில் அந்த 255.255.255.0 விளங்கிவிட்டால் மற்ற முடிச்சுகளை அவிழ்ப்பது எளிது. வலையமைப்புப் பணிக்கு வந்த புதிதில் அதைக் கட்டத்தை நிரப்புவதற்கான ஒரு சடங்கு எண் என்றே நானும் நினைத்திருந்தேன்.

192.168.1.5 போன்ற ஐபிவி4 (ஐபியின் நான்காம் பதிப்பு) முகவரி என்பது உண்மையில் 32 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 32 இலக்கங்கள், நீளமுள்ள ஒரே இரும எண். 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதை வரையறுத்தது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. அவ்வளவு நீளமான எண்ணை மனிதர்கள் படிக்கவும் எழுதவும் வசதியாக, எட்டு எட்டு பிட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாக எழுதி, இடையில் புள்ளி வைக்கிறோம். கணினிக்குப் புள்ளிகள் கிடையா. நாம் 192.168.1.5 என்று எழுதுவது அதற்கு 11000000101010000000000100000101 என்னும் ஒற்றைத் தொடர்.

இந்தத் தொடருக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முன்பகுதி எந்த வலையமைப்பு என்பதையும், பின்பகுதி அந்த வலையமைப்புக்குள் எந்தச் சாதனம் என்பதையும் குறிக்கும். எங்கே முன்பகுதி முடிகிறது என்பதை முகவரியைப் பார்த்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லவே 255.255.255.0 போன்ற சப்நெட் மாஸ்க் இருக்கிறது. 255.255.255.0 என்பதை இரும எண்ணாக எழுதினால் முதலில் இருபத்து நான்கு ஒன்றுகளும் பிறகு எட்டுச் சுழிகளும் வரும். ஒன்றுகள் நிற்கும் இடமெல்லாம் வலையமைப்பின் பகுதி, சுழிகள் நிற்கும் இடம் சாதனத்தின் பகுதி. ஆகவே உங்கள் கணினி 192.168.1.0 என்னும் வலையமைப்பில் 5 என்னும் எண்ணுடைய சாதனம். இருபத்து நான்கு ஒன்றுகள் என்பதைச் சுருக்கி 192.168.1.5/24 என்றும் எழுதுவார்கள்.

இந்தப் பிரிவினை எதற்கு? ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தை அனுப்பும்போதும் கணினி முதலில் முடிவுசெய்ய வேண்டியது ஒன்றுதான்: பெறுநர் என்னுடைய வலையமைப்புக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா? தன் முகவரியையும் பெறுநரின் முகவரியையும் மாஸ்க் கொண்டு வெட்டிப் பார்த்து, முன்பகுதிகள் ஒத்திருந்தால் அது நேரடியாக அனுப்புகிறது. ஒத்திராவிட்டால் வலையமைப்புகளை இணைக்கும் கருவியான, கேட்வே எனப்படும் ரவுட்டரிடம் ஒப்படைத்துவிடுகிறது. நேரடியாக அனுப்புவதற்கு முன் "இந்த முகவரி யாருடையது?" என்று வலையமைப்பிலுள்ள எல்லாச் சாதனங்களையும் கேட்டு, உரிய சாதனத்தின் வன்பொருள் முகவரியை (அதன் பிணைய அட்டைக்குரிய எண்ணை) பெற்றுக்கொள்கிறது. அந்தக் கேள்விக்கு ஏஆர்பி என்று பெயர். ரவுட்டர் அதை அடுத்த வலையமைப்புக்குக் கடத்தாது.

இதை நான் கற்றுக்கொண்டது பாதி நாளை வீணாக்கித்தான். ஓர் அலுவலகத்தில் கணினிகள் 192.168.1.0 வலையமைப்பிலும், கோப்புச் சேவையகம் 192.168.5.10 என்னும் முகவரியில் வேறொரு வலையமைப்பிலும் இருந்தன. புதிய கணினி ஒன்றுக்குக் கையால் முகவரி கொடுத்தபோது, மாஸ்க்கை 255.255.0.0 என்று நிரப்பிவிட்டேன். இணையம் வேலை செய்தது, பக்கத்துக் கணினிகள் கிடைத்தன, சேவையகம் மட்டும் கிடைக்கவில்லை. கேபிளை மாற்றினேன், சேவையகத்தின் அனுமதிகளைத் துருவினேன், ரவுட்டர்மீதும் ஐயப்பட்டேன். பிழை நான் நிரப்பிய எண்ணில் இருந்தது. அந்த மாஸ்க்கின்படி 192.168 என்று தொடங்கும் அனைத்தும் அந்தக் கணினிக்குத் தன் வலையமைப்பே, எனவே சேவையகத்துக்குரியதை ரவுட்டரிடம் தராமல், "192.168.5.10 யாருடையது?" என்று தன் வலையமைப்புக்குள்ளேயே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது, பதில் சொல்ல அங்கே எவரும் இல்லை.

மாஸ்க்கின் எல்லை புள்ளி இருக்கும் இடத்தில்தான் விழ வேண்டும் என்பதில்லை. தொடக்க நிலையில் பலரும் தடுமாறுவது இங்கேதான். 255.255.255.192, அதாவது /26, என்று கொடுத்தால் சாதனத்துக்கு ஆறு பிட்டுகள் மட்டுமே மீதமிருக்கும். ஒரு வலையமைப்பில் 64 முகவரிகள் என்று ஆகும். அப்போது 192.168.1.70 என்பது 64 முதல் 127 வரையிலான துண்டில் அமரும், 192.168.1.100 அதற்கு அண்டை வீடு, 192.168.1.130 வெளியூர். ஒவ்வொரு துண்டிலும் முதல் முகவரி வலையமைப்பின் பெயராகவும், கடைசி முகவரி அனைவருக்கும் ஒருசேர அனுப்புவதற்காகவும் ஒதுக்கப்படுவதால், சாதனங்களுக்குக் கொடுக்க 62 முகவரிகள் எஞ்சும். முன்பு எல்லை 8, 16, 24 ஆகிய பிட்டுகளில் மட்டுமே விழுந்தது. ஏ, பி, சி வகுப்புகள் என்று பாடநூல்கள் சொல்வது அதைத்தான். முந்நூறு கணினிகள் உள்ள நிறுவனத்துக்கு 256 முகவரிகள் போதா, அடுத்த அளவோ 65,536 என்பதால் பெரும் விரயம் ஏற்பட்டது. 1993 இல் வந்த சிஐடிஆர் முறை எல்லையை எந்தப் பிட்டிலும் வைக்கலாம் என்று ஆக்கியது. வகுப்புகளை இன்றும் மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

இனி உங்கள் முதற் கேள்விக்கு வருகிறேன். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளையும் 1996 இல் வெளியான ஆர்எஃப்சி 1918 உள்வலையமைப்புகளுக்கு என்று ஒதுக்கிவைத்தது. இவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் தம் வீட்டுக்குள் பயன்படுத்தலாம். பொது இணையத்தில் இவற்றுக்கு வழி கிடையாது. ஆகவேதான் உங்கள் வீட்டிலும் நண்பர் வீட்டிலும் ஒரே எண் இருந்தும் மோதல் இல்லை. உங்கள் கணினி வெளியே அனுப்பும் பொட்டலத்தில் அனுப்புநர் முகவரியை ரவுட்டர் நீக்கிவிட்டுத் தன் பொது முகவரியையும் இணைப்புகளை வேறுபடுத்தும் ஒரு போர்ட் எண்ணையும் எழுதி, அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது; பதில் வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து உரிய கணினிக்குத் திருப்பிவிடுகிறது. நாட் எனப்படும் இந்த மாற்றத்தால்தான் இணையதளத்தின் கண்ணில் உங்கள் கணினியும் கைப்பேசியும் ஒரே முகவரியாகத் தெரிகின்றன. 192.168.1.5 என்பதையும் பெரும்பாலும் ரவுட்டரே, முகவரிகளைத் தானாகப் பகிரும் டிஎச்சிபி முறை வழியாகத் தற்காலிகமாக வழங்கியிருக்கும். எப்போதாவது 169.254 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால், கேட்டும் முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்.

32 பிட்டுகளில் மொத்தம் 429 கோடி முகவரிகளே உண்டு. உலக அளவில் முகவரிகளைப் பகிரும் மைய அமைப்பான ஐயானாவிடம் எஞ்சிய கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. 128 பிட் நீளமுள்ள ஐபிவி6 இதற்கான நிலையான தீர்வு. அதில் வழக்கமாக முதல் 64 பிட் வலையமைப்புக்கும் மற்ற 64 பிட் சாதனத்துக்கும் போவதால் மேலே சொன்ன இருபகுதிக் கணக்கு அங்கும் பொருந்தும். இணையதளம் உங்களுக்கு முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட எண்ணைக் காட்டியிருந்தால் அது ஐபிவி6 முகவரி.

மாறாக, அது நான்கு கூறுள்ள எண்ணைக் காட்டியிருந்தால், ரவுட்டரின் நிலையைக் காட்டும் பக்கத்தில், இணையத்தை நோக்கி அது வைத்திருக்கும் (WAN) முகவரி என்னவென்று பாருங்கள். அது இணையதளம் சொன்ன எண்ணோடு ஒத்திருந்தால் மாற்றம் உங்கள் வீட்டில் மட்டுமே நடக்கிறது. 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால், சேவை வழங்குநரும் தன் பங்குக்கு இன்னொரு நாட் வைத்து ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறார் என்று அறியலாம். அப்படியிருந்தால் வெளியிலிருந்து உங்கள் கணினியை அணுக ரவுட்டரில் மட்டும் போர்ட்டைத் திறந்துவைப்பது பயன் தராது.