தோட்டத்து எலிக்கு எந்தத் துப்பாக்கி? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற முறை ஏர்கன் (காற்றுத் துப்பாக்கி) பற்றி இரண்டு பத்திதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதுகிறவர்கள் மூன்று விஷயங்களைத் தவறாமல் எழுதுங்கள்: எந்தப் பிராணி, எவ்வளவு தூரம், அது நிற்கிற இடத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது. பாதிக் கடிதங்களில் இந்த மூன்றும் இல்லை.

தென்னையில் எலி ஏறி இளங்காயைக் கடித்துத் தள்ளுகிறது. .177 வாங்குவதா, .22 ஏர்கன் வாங்குவதா? (பொள்ளாச்சி வாசகர்)

.177தான், அதாவது 4.5 மி.மீ. குழல். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல், குண்டுக்கு 20 ஜூல் ஆற்றல் என்ற இரண்டு வரம்புக்குள்ளும் அடங்குகிற ஏர்கனுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. .22 ஏர்கன் 5.5 மி.மீ. ஆயிற்றே, அது லைசென்ஸுக்குள் வந்துவிடும். கடைக்காரர் வேறு மாதிரி சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்க மாட்டார்.

ஆனால் உங்கள் எலி இருப்பது ஐம்பதடி உயரத்தில், மட்டை இடுக்கில். அங்கே பார்த்துச் சுட்டால், தவறிய குண்டு தோப்பைத் தாண்டி எங்கே விழும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குண்டுக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும். வானம் இருக்கிற பக்கம் விசையை இழுக்காதீர்கள்.

மரத்தில் ஆறடி உயரத்துக்கு மேல், ஒன்றரை அடி அகலத்துக்கு வழுவழுப்பான தகரத்தைச் சுற்றி அடியுங்கள். எலி அதில் நகம் பதிக்க முடியாமல் சறுக்கும். மட்டைகள் அடுத்த மரத்தோடு உரசினால் இது பலிக்காது, எலி மேலேயே மரத்துக்கு மரம் போய்விடும். ஏர்கனைத் தேங்காய் குவித்து வைத்திருக்கும் கொட்டகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைவாக நல்ல துப்பாக்கி ஒன்று சொல்லவும். அவசரம். (ஊர், பெயர் இல்லை)

எதற்கு என்று எழுதவில்லை. எங்கே என்றும் எழுதவில்லை. அவசரம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுத் துப்பாக்கி வாங்காதீர்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் தருகிறேன்.

என் ஏர்கன் பெட்டியில் வினாடிக்கு 1000 அடி வேகம் என்று போட்டிருக்கிறது. ஆனால் பவர் பத்தவில்லை. பட்டறையில் கொடுத்துக் கனமான ஸ்பிரிங் போட்டால் 1200 வருமாமே? குழலில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டாலும் பவர் ஏறும் என்கிறார்கள். (தர்மபுரி வாசகர்)

இந்தப் ‘பவர்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பொறுக்கவில்லை. இருபது வருடமாக இதையேதான் கேட்கிறார்கள். குறி விழுகிறதா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

முதலில் அந்த 1000 என்ற கணக்கைப் பாருங்கள். பெட்டியில் போடும் வேகம் பெரும்பாலும் ஐந்து கிரெயின் எடையுள்ள அலாய் குண்டுக்கு. நீங்கள் போடுவது எட்டு கிரெயின் ஈயக்குண்டு. கிளப்பில் வேகமானியை வைத்து நான் அளந்த ஒரு ‘ஆயிரம் அடி’ துப்பாக்கி, ஈயக்குண்டில் 750-ஐத் தாண்டவில்லை. அது சுமார் 14 ஜூல். எலிக்கு அதில் பாதி போய்ச் சேர்ந்தாலே போதும், தலையில் பட்டால். வயிற்றில் பட்டால் 20 ஜூலும் பத்தாது. வங்குக்குள் ஓடி இரண்டு நாள் துடித்துத்தான் சாகும். அந்தப் பாவம் எதற்கு?

அடுத்தது சட்டம். அதே எட்டு கிரெயின் குண்டு வினாடிக்கு 900 அடியைத் தொட்டால் கிட்டத்தட்ட 20 ஜூல் வந்துவிடும். நீங்கள் கேட்கும் 1200 கிடைத்தால் கிட்டத்தட்ட 35 ஜூல். அதாவது பட்டறைக்காரர் ஒரு மணி நேரத்தில் உங்களை லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருப்பவராக ஆக்கிவிடுவார். நடைமுறையில் 1200 வரவே வராது. கனமான ஸ்பிரிங்கில் பிஸ்டன் முட்டி, ரப்பர் சீல் கிழிந்து, குறி பார்க்கும் ஸ்கோப் தளர்ந்து, முன்பு ஒரே இடத்தில் விழுந்த ஐந்து குண்டும் ஐந்து திசையில் விழும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது ஏர்கன் குண்டு தள்ளாடும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் விஷயம். உள்ளே அழுத்தப்படும் காற்று சூடேறி எண்ணெயைப் பற்ற வைக்கிறது, டீசல் என்ஜின் மாதிரி. ‘டொப்’ என்று சத்தம் வரும், குழல் வாயில் லேசாகப் புகை வரும், பவர் ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள். பத்து முறை அப்படிச் சுட்டால் சீல் கருகிவிடும். கழற்றிப் பார்த்தபோது ஓரமெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டு கிடந்த சீலை என் கையாலேயே எடுத்திருக்கிறேன். அந்தத் துப்பாக்கி அப்புறம் தேறவேயில்லை.

உங்களுக்குப் பவர் பத்தவில்லை என்று தோன்றுவதற்குக் காரணம் வேறாக இருக்கும். ஒரு காரியம் செய்யுங்கள். இருபது மீட்டரில் மண்மேட்டின் முன்னால் அட்டை வையுங்கள். துப்பாக்கியின் முன்பக்கத்தைத் திறந்த உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள், இறுக்கிப் பிடிக்காதீர்கள், கல் மேலோ சுவர் மேலோ வைக்காதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும் முன்னாலும் உதைக்கும். அதை அதன் போக்கில் ஆட விட்டால்தான் ஒரே மாதிரி ஆடும். ஐந்து குண்டு போடுங்கள். ஐந்து ஓட்டையையும் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் மூடினால் துப்பாக்கியும் நீங்களும் சரி. மூடவில்லையென்றால் மூடும்வரை அட்டையைத்தான் சுட வேண்டும், எலியை அல்ல.

நிலக்கடலையைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. .22 ரைஃபிள் லைசென்ஸ் எடுக்கலாமா? இல்லாவிட்டால் பிசிபி (முன்பே அழுத்தி அடைத்த காற்றில் சுடும்) ஏர்கனில் அடிக்கலாமா? (ஈரோடு மாவட்ட வாசகர்)

கடலையில் பன்றி இறங்கிய காட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டிய மாதிரி கிடக்கும். உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் இரண்டு கேள்விக்கும் பதில் ‘கூடாது’தான்.

1959 ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவைப் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு அது சொல்வது குழல் வாய்வழியே வெடிமருந்து கிட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழப்புக் குழல் (உள்ளே வரி இல்லாத) துப்பாக்கி. .22 ரைஃபிள் (வெடிமருந்துத் தோட்டாவில் சுடுவது, .22 ஏர்கன் அல்ல) அந்தப் பிரிவில் வருவது அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினரின் குறி பயிற்சிக்காக. எனவே கலெக்டர் அலுவலகத்தில் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று எழுதி .22 கேட்டால் மனு திரும்பி வரத்தான் வாய்ப்பு அதிகம்.

லைசென்ஸ் கிடைத்தாலும் பன்றியைச் சுடும் உரிமை அதோடு வராது. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ஆம் பட்டியலில் இருக்கிறது. பயிரை அழிக்கிற பிராணியைச் சுட 11-வது பிரிவின் கீழ் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் நாசம் செய்யும் பன்றியை வனத்துறை சுடலாம். சுடுவது அவர்கள், நாம் அல்ல. சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்கனிலோ .22-விலோ பன்றியை அடிப்பது கொடுமை. தோள் பக்கம் தோலும் கொழுப்பும் அவ்வளவு தடிமன். காயத்தோடு புதருக்குள் போகும். மறுநாள் காலை களை எடுக்க வரும் பெண்கள் மேல்தான் அது பாயும். அப்புறம், .22 தோட்டா டப்பாவை எடுத்துப் பாருங்கள், ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருக்கும். சமவெளிக் கடலைக்காட்டில் ஒன்றரை மைலுக்குள் எத்தனை வீடு? பின்னால் மண் இருக்கிறதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

சோலார் வேலி போடுங்கள், 2023 விதிகளின்படி பதிவு செய்து போடுங்கள். மோட்டார் கொட்டகையிலிருந்து கொக்கி போட்டு நேரடி மின்சாரம் விடுகிற வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அதில் பன்றியோடு யானையும் சாகிறது, வரப்பில் நடக்கிற பக்கத்துத் தோட்டக்காரரும் சாகிறார்.

மயிலை விரட்ட ஏர்கனில் காலில் அடிக்கலாமா? (திருப்பூர்)

கூடாது. மயில் அதே வன உயிரினச் சட்டத்தின் 1-ஆம் பட்டியல். குறைந்தது 3 வருடம், அதிகம் 7 வருடம் சிறை. காலில் பட்டாலும் வேட்டை வேட்டைதான்.

காகமும் பழந்தின்னி வௌவாலும் ‘தீங்குயிர்’ பட்டியலில் உள்ளன, தாராளமாகச் சுடலாம் என்று படித்தேன். (தேனி, திராட்சைத் தோட்டம்)

பழைய புத்தகத்தைப் படித்திருக்கிறீர்கள். காகமும் பழந்தின்னி வௌவாலும் அதே சட்டத்தின் பழைய 5-ஆம் பட்டியலில் இருந்தது உண்மை. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. திராட்சைக்கு வலை போடுங்கள். மேலே பார்த்துச் சுடுவது பற்றிப் பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னதேதான் உங்களுக்கும்.

எந்தக் குண்டு நல்லது? கூர்முனைக் குண்டு நன்றாகத் துளைக்கும் என்கிறார்கள். (விழுப்புரம்)

உருண்டைத் தலை ஈயக்குண்டு, எட்டு கிரெயின் சுற்றளவில். தட்டைத் தலை பத்து மீட்டர் அட்டைக்கு. கூர்முனை பார்க்க அழகு, குறி சிதறும். இரும்பு உருண்டையைக் குழலில் போடவே போடாதீர்கள், குழலின் உள்வரிகள் தேயும், எதில் பட்டாலும் திரும்பி வரும்.

ஈயமும் திரும்பி வரும். நெல் கொட்டகையில் ஒரு பெருச்சாளியைக் குறி வைத்தேன். அது நகர்ந்துவிட்டது. குண்டு களத்து மெஷினின் இரும்புக் காலில் பட்டுத் திரும்பி என் கண்ணாடியின் வலது பக்கத்தை விரிசல் விட வைத்தது. எட்டு மீட்டர் தூரம்தான். கண்ணாடி இல்லாமல் போயிருந்தால் இதை ஒரு கண்ணால் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருப்பேன். அன்றிலிருந்து கொட்டகையில் எலி வரும் தடத்துக்குப் பின்னால் மணல் மூட்டை இரண்டை அடுக்கி வைத்த பிறகுதான் துப்பாக்கியை எடுக்கிறேன். சுட்டு முடித்ததும் கையைக் கழுவுங்கள், ஈயம் சோற்றோடு உள்ளே போகக் கூடாது.

ஸ்கோப் மாட்டினேன், நூறு குண்டுக்குள் குறி மாறிவிட்டது. (கரூர்)

சாதாரண ரைஃபிள் ஸ்கோப்பை மாட்டியிருப்பீர்கள். ஸ்பிரிங் ஏர்கனின் முன்னுதைப்பைத் தாங்குவதாக எழுதியிருக்கும் ஸ்கோப்தான் வேண்டும், நகராமல் தடுக்கும் ஆணி உள்ள மவுண்டும் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடிக்கும் தாங்கி) வேண்டும். இருபது மீட்டருக்குக் குறியைச் சரி செய்யுங்கள். நாற்பதில் குண்டு இரண்டு அங்குலம் கீழே விழும். எலிக்கு நாற்பது மீட்டரே வேண்டாம்.

தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடைத்தது. லைசென்ஸ் புத்தகம் இல்லை. சுத்தம் செய்து பயன்படுத்தலாமா? (பெயர் வேண்டாம்)

தொடாதீர்கள். உள்ளே மருந்து கிட்டித்தபடியே இருக்கலாம். இன்றே காவல் நிலையத்தில் சொல்லுங்கள், அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு மனு செய்வது அதற்கு அப்புறம். வீட்டில் வைத்துக்கொண்டு மனு செய்யாதீர்கள்.

என் பையனுக்கு 12 வயது. எலி அடிக்க ஏர்கன் கொடுத்துவிட்டு நாங்கள் காட்டுக்குப் போய்விடுவோம். பொம்மைத் துப்பாக்கிதானே? (சேலம் மாவட்டம்)

லைசென்ஸ் வேண்டாம் என்றால் பொம்மை என்று அர்த்தமில்லை. 14 ஜூல் குண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும். உங்கள் பையன் கண்ணோ, அவனோடு விளையாட வந்த பிள்ளையின் கண்ணோ. பக்கத்தில் நீங்கள் இல்லாமல் அவன் கைக்கு அது போகக் கூடாது. துப்பாக்கியை ஒரு பூட்டிலும் குண்டு டப்பாவை வேறு பூட்டிலும் வையுங்கள். தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள்.

குறுவையில் எலி வெட்டு. இரவில் டார்ச் கட்டிய ஏர்கனோடு வரப்பில் நின்றால் எத்தனை எலி அடிக்கலாம்? (மன்னார்குடி)

விடிய விடிய நின்றால் நாலைந்து. உங்கள் வயலில் இருப்பது நூற்றுக்கணக்கில். கூடவே இருட்டில் வரப்போரம் தண்ணீர் திருப்ப ஒருவர் குனிந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது.

டெல்டாக்காரர் நீங்கள், கிட்டியை மறந்துவிட்டு ஏர்கனைக் கேட்கிறீர்களே! மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து, கயிற்றில் இரையை மாட்டி, எலி இழுத்ததும் கழுத்தில் இறுகுகிற அந்தக் கிட்டிக்கு நிகராக நெல் வயலில் நான் எதையும் பார்த்ததில்லை. ஏக்கருக்கு நாற்பது கிட்டி. சூல் கட்டுவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும், கதிர் வந்த பிறகு எலி இரையைச் சீண்டாது. கிட்டி வைப்பவர்களுக்கு எலிக் கணக்கில் கூலி, அவர்கள் தடம் பார்த்து வைக்கிற நேர்த்தி நமக்கு வராது. கூலியில் பேரம் பேசாதீர்கள்.

வரப்பை ஒன்றரை அடிக்கு மேல் அகலமாக விடாதீர்கள், அகல வரப்பில்தான் வங்கு வைக்கும். ஆந்தை உட்கார டி வடிவில் குச்சி நடுங்கள், கதிர் முற்றும்போது பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மணி கொத்தும் பறவைகள் அதில் வந்து உட்காரும். ஆந்தையை நம்புகிற வயலில் விஷம் வைக்கக் கூடாது. கிட்டியில் விழுந்த எலியை விடிவதற்குள் எடுத்துப் புதைத்துவிடுங்கள். வெயில் ஏறினால் நாய் கிட்டியோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.